கேரமல் வேறு, பாகு வேறு

2024 டிசம்பர் 21ஆம் தேதி ஜெய்சல்மேரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 55ஆவது கூட்டம் நடந்தது. எத்தனையோ விஷயம் பேசினார்கள். மக்கள் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான்: பாப்கார்ன். உப்பும் மசாலாவும் போட்ட பாப்கார்னை உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றால் 12 சதவீதம், கேரமல் பாப்கார்ன் என்றால் 18 சதவீதம் என்று விளக்கம் கொடுத்தார்கள். அன்று இரவே வாட்ஸப் முழுக்க பாப்கார்ன் ஜோக்தான். பாதி உப்பு, பாதி கேரமல் கலந்து வாங்கினால் எத்தனை சதவீதம் என்று எங்கள் கிளையில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது :-)

இப்போது அந்தச் சண்டைக்கு வேலை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே எடுக்கப்பட்டுவிட்டது. சர்க்கரை மிட்டாய் வகைகளும் 18இலிருந்து 5க்கு இறங்கிவிட்டன. ஆனால் அந்த விளக்கத்துக்குப் பின்னால் இருந்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சோளப்பொரியில் உப்பு தூவினால் அது சோளப்பொரிதான், நம்கீன். அதன் மேல் சர்க்கரையைச் சிவக்க உருக்கிப் பூசினால் அது இன்னும் சோளப்பொரியா, இல்லை மிட்டாயா? பொருளின் இயல்பே மாறிவிடுகிறது, ஆகவே மிட்டாய் என்றது அரசு. வரி அதிகமா குறைவா என்பதை விடுங்கள். கேரமல் என்ற வார்த்தைக்கு ஒரு குறிப்பிட்ட அர்த்தம் உண்டு, அது வந்தால் பொருள் மாறும் என்று யோசித்தார்களே, அதைச் சொல்கிறேன்.

நம் சமையலறையில் அந்த யோசனை காணாமல் போய்விட்டது. அதுதான் இந்தப் பதிவு.

சமீப வருடங்களில் தமிழில் வரும் சமையல் வீடியோக்களைக் கவனித்திருப்பீர்கள். வெங்காயம் வதக்கினால் "கேரமலைஸ் பண்ணிக்கோங்க". வெல்லப் பாகு காய்ச்சினால் "கேரமலைஸ் ஆகட்டும்". பால்கோவா சிவந்தால் கேரமல். கேரட் அல்வாவில் சர்க்கரை கரைந்து பளபளத்தால் அதுவும் கேரமல். நான்கு வெவ்வேறு வேலைக்கு ஒரே வார்த்தை. இங்கிலீஷ் கலக்கிறார்கள் என்பது என் புகார் இல்லை. வங்கிக்காரன் நான், காலையிலிருந்து மாலை வரை ஓவர்டிராஃப்ட், டெபிட், கிரெடிட் என்று பேசுகிறவன். மொழித்தூய்மை பேச எனக்குத் தகுதி கிடையாது. என் புகார் வேறு. சமையல் குறிப்பில் வரும் வினைச்சொல் என்பது ஒரு உத்தரவு. உத்தரவு தப்பாக இருந்தால் பண்டம் கெடும், சில சமயம் கையும் வெந்துபோகும்.

முதலில் கேரமல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

வெறும் சர்க்கரையைச் சூடாக்கினால், ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் தாண்டியபின் அது உருகிச் சிதையத் தொடங்குகிறது. முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் தேன் நிறம், அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் கறுப்பு. நிறத்தோடு சுவையும் மாறுகிறது. இனிப்பு குறைந்துகொண்டே போய், மெல்லிய கசப்பும் ஒரு தனி வாசனையும் வருகிறது. சர்க்கரையைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத மாற்றம் இது. இதற்குத்தான் கேரமலைசேஷன் என்று பெயர். கேரமல் கஸ்டர்டின் தலையில் வழியும் அந்தச் செம்பழுப்பு நீர் இதுதான். கேரளத்துக் கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு அந்தக் கருநிறம் வருவதும் இதனால்தான். அங்கே சர்க்கரையைக் கறுக்கும் எல்லை வரை கொண்டுபோய் வெந்நீர் ஊற்றி சிரப்பாக்குவார்கள்.

பாகு அப்படி இல்லை. பாகில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சர்க்கரை அந்த 160 டிகிரிக்குப் போக முடியாது. தண்ணீர் ஆவியாக ஆவியாகத்தான் சூடு மெல்ல ஏறும். கம்பிப் பதம் என்று நாம் சொல்வது சுமார் 110 டிகிரியில். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டு வரும் பதம் 115ஐ ஒட்டி. கடலை உருண்டைக்கு வேண்டிய, தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வரும் பதம் 150ஐ ஒட்டி. வெள்ளைச் சர்க்கரைப் பாகு இவ்வளவு தூரம் வந்தும் பெரிதாக நிறம் மாறியிருக்காது. பாகு என்பது தண்ணீரை வெளியேற்றும் வேலை. கேரமல் என்பது சர்க்கரையையே உடைக்கும் வேலை. பாகு முடிகிற இடத்துக்கு அப்பால்தான் கேரமல் ஆரம்பிக்கிறது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். பாகு கொஞ்சம் முற்றிவிட்டதா? ஒரு கை தண்ணீர் விட்டு, மறுபடி கொதிக்கவிட்டு, பழைய பதத்துக்குக் கொண்டுவரலாம். அது மறுசீரமைப்புக்கு வழியுள்ள கடன். கேரமல் கருகிவிட்டால் என்ன ஊற்றினாலும் திரும்பாது. அது வாராக்கடன், கணக்கை முடித்துக் கடாயை ஊறவைக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. குழப்பத்துக்கு முக்கிய காரணமே அதுதான். பால் சுண்டிச் சிவப்பது, ரொட்டியின் மேல்தோல் சிவப்பது, வெங்காயம் சிவப்பது எல்லாம் பெருமளவு வேறு ஒரு வேதிவினை. சர்க்கரையும் புரதத்தில் உள்ள அமினோ அமிலமும் சேர்ந்து நடத்துவது. 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதினார், அவர் பெயராலேயே மையார் வினை என்கிறார்கள். இதற்கு 160 டிகிரியெல்லாம் வேண்டாம், குறைந்த சூட்டிலேயே நேரம் கொடுத்தால் நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் அந்த இளம்பழுப்பு இப்படி வந்ததுதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அதைக் கேரமல் சுவை என்று வர்ணிக்கிறவர்கள், பாலுக்குச் சேரவேண்டிய பெருமையைச் சர்க்கரையின் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

இங்கே கொல்கத்தாவுக்கு வந்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு நாக்கில் புரிந்தது. மிஷ்டி தோய் தெரியும்தானே? மண்சட்டியில் உறையும் இனிப்புத் தயிர். வெளியூரிலிருந்து வரும் நம்மவர்கள் அதன் பழுப்பைப் பார்த்து "வெல்லம் போட்டிருக்கான்" என்பார்கள். குளிர்காலத்தில் நொலேன் குர் என்கிற புது ஈச்ச வெல்லம் சேர்த்துச் செய்வதும் உண்டு, அது வேறு. மற்ற நாட்களில் பெரும்பாலும் சர்க்கரையில் ஒரு பங்கை வெறும் சட்டியில் சிவக்க உருக்கி, அதைக் காய்ந்த பாலில் கலந்து உறைய வைக்கிறார்கள். இது நிஜக் கேரமல். ஆனால் நவத்வீபத்தின் லால் தோய் என்கிற சிவப்புத் தயிருக்கு, பாலை மணிக்கணக்கில் சிறுதீயில் காய்ச்சிக் காய்ச்சியே சிவக்க வைப்பார்கள். இது பால் சிவப்பது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. வாயில் போட்டால் வேறு வேறு குடும்பம். முன்னதில் ஒரு துளி கசப்பு பின்னால் வந்து நிற்கும். பின்னதில் அது கிடையாது, திரட்டுப்பால் நினைவுக்கு வரும்.

பெங்காலி வீடுகளில் இன்னொன்றும் பார்க்கலாம். மட்டன் வைக்கும்போது, காய்ந்த கடுகெண்ணெயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, அது சிவந்து நுரைத்ததும் வெங்காயத்தை இறக்குவார்கள். இனிப்புக்காக இல்லை, நிறத்துக்காக. நம்மவர்கள் "ஐயோ, கறியில சர்க்கரையா" என்று முகம் சுளிப்பார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் இனிப்பே தெரியாது. ஏன் தெரியவில்லை என்பதற்கான பதில் மேலே சொன்னதில் இருக்கிறது: சிவந்த சர்க்கரை தன் இனிப்பில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது, போடுவதும் ஒரே ஒரு ஸ்பூன்.

அப்படியானால் நம் ஊரில் இந்த வேலையே இல்லையா? இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கோதுமைப்பால் அல்வா கிண்டும் வீடுகளில் நிறத்துக்காக என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகச் சிவக்க உருக்கி ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். கலர் பொடி இல்லாமல் அந்தச் செம்பழுப்பு வருவதற்கு அதுதான் வழி. ஆனால் அந்தக் காரியத்துக்கென்று, பாகுக்கு இருப்பதைப் போல ஊர் முழுக்கப் புழங்கும் ஒரு தனிச்சொல் நம்மிடம் இல்லை. "சர்க்கரையை உருக்கி", "சிவக்க விட்டு", "லேசா கருக்கி" என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பாகுக்கோ எத்தனை சொல்! இளம்பாகு, பிசுக்குப் பதம், ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம், முற்றிய பாகு, கெட்டிப்பாகு. ஏன் இப்படி?

என் யூகம் இது. நம் இனிப்புகளின் அடித்தளம் வெல்லமும் கருப்பட்டியும். இரண்டும் பிறக்கும்போதே பழுப்பு. ஆகவே நிறத்தைப் பார்த்துப் பதம் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் நம் பாட்டிமார் கண்ணை நம்பவில்லை. விரலை நம்பினார்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் கம்பி வருகிறதா? தண்ணீரை நம்பினார்கள்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரைகிறதா, திரள்கிறதா, உருட்ட வருகிறதா? காதையும் நம்பினார்கள்: உருண்டையைத் தட்டில் போட்டால் சத்தம் வருகிறதா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கடக்கென்று உடைவதற்குக் காரணம் அந்தக் கடைசிப் பதத்தைச் சரியாகப் பிடிப்பதுதான், நிறம் இல்லை.

கேரமலுக்கு நேர் எதிர். விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாத பொருள் அது. கண்ணும் மூக்கும்தான் அளவுகோல். தேன் நிறம் வந்ததும் இறக்கு, புகை வாசனை வருவதற்குள் நிறுத்து என்பதுதான் குறிப்பு.

ஆகவே பாகைக் கேரமல் என்று சொல்லும்போது வெறும் பெயர் மாற்றம் நடக்கவில்லை. அளவுகோல் மாறிப்போகிறது. விரலால் பார்க்க வேண்டியவன் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிறான்.

புனேயில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் போன தீபாவளிக்கு முன்னால் அதிரசம் செய்யக் கிளம்பினான். நல்ல பையன், அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈர மாவு வரை எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தான். அவன் பார்த்த வீடியோவில் "வெல்லம் நல்லா கேரமலைஸ் ஆகணும்" என்று இருந்திருக்கிறது. தங்கமணிக்குப் போன் வந்தது.

"பெரியம்மா, இருபது நிமிஷமா கொதிக்குது, கலர் மாறவே இல்லையே?"

"டேய், வெல்லம் என்னடா கலர் மாறும்? தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாரு."

விட்டான். கல்லு மாதிரி டங்கென்று சத்தம் கேட்டது, எங்களுக்கு இங்கேயே கேட்டது. அதிரசத்துக்கு வேண்டியது மெத்தென்று உருட்ட வரும் பதம். அவன் கடலை உருண்டைப் பதத்தையும் தாண்டிப் போயிருந்தான். வெல்லத்தில் மேலும் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கடைசியில் வருவது கரி நிறம்தான். தண்ணீர் விட்டு மீட்கச் சொல்லி, மறுபடி பதம் பார்க்க வைத்து, ஒருவழியாக அதிரசம் வந்தது. பையன் மீது தப்பே இல்லை. கொடுத்த உத்தரவை அப்படியே நிறைவேற்றினான்.

நம்மைப் போல வெளியூரில் இருக்கிற குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஊரில் இருந்தால் வீடியோ தப்பாகச் சொன்னாலும் பக்கத்தில் அத்தையோ சித்தியோ நின்றுகொண்டு "போதும் இறக்கு" என்பார்கள். இங்கே நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் வீடியோவும்தான் அத்தை, சித்தி எல்லாம். வார்த்தை மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது. அந்த வார்த்தையும் தப்பென்றால் பிறகு என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாகுப் பதம் என்பது நம்முடைய தனிச்சொத்து இல்லை, இந்தியா முழுக்கப் பொதுவான கணக்கு. ஹிந்திக்காரர்கள் சாஷ்னி என்பார்கள், ஏக் தார், தோ தார் என்று கம்பியைத்தான் எண்ணுவார்கள். தெலுங்கில் தீக பாகம், கன்னடத்தில் எளெ பாக, எல்லாம் அதே கம்பிதான். பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டியிடம் "ஏக் தார்" என்று சொல்லும் பிள்ளைக்கு "ஒற்றைக் கம்பி" தெரிந்திருந்தால், இரண்டு வீட்டுச் சமையலும் அவனுக்குத் திறந்துகொள்ளும். இரண்டுக்கும் மேலே "கேரமலைஸ்" என்று ஒரு மூடியைப் போட்டால் இரண்டுமே மூடிக்கொள்ளும்.

வெங்காயத்துக்கு வருவோம். "வெங்காயத்தை 5 நிமிடம் கேரமலைஸ் செய்யவும்" என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு பாணி வெங்காய சூப்புக்கு வெங்காயத்தை அல்வா போலக் குழைந்து சிவக்க வைப்பார்கள். அதற்குச் சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது வேண்டும். நம் குருமாவுக்கும் குழம்புக்கும் தேவைப்படுவது அது இல்லை. அதற்குத்தான் "கண்ணாடிப் பதம்", "பொன்னிறமாக வதக்கி", பிரியாணிக்கு "சிவக்க வறுத்து" என்று மூன்று தெளிவான அளவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. கண்ணாடிப் பதம் என்றால் ஈரம் போய் ஊடுருவித் தெரிவது. பொன்னிறம் என்றால் ஓரம் சிவப்பது. சிவக்க வறுப்பது என்றால் மொறுமொறுப்பு. மூன்றையும் அழித்துவிட்டு ஒரே வார்த்தையைப் போட்டால் சமைக்கிறவர் எங்கே நிறுத்துவார்?

அடுத்தது கை வெந்துபோவது என்று சொன்னேனே, அதைப் பற்றி. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தங்கமணி சொல்கிறார். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, பட்டால் வழிந்து ஓடிவிடும். உருகிய சர்க்கரை அதைவிட 60, 70 டிகிரி அதிகம், பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து வேகவைக்கும். பாகை விரலால் தொட்டுப் பதம் பார்ப்பதையும் பழகிய கைகள், கரண்டியில் எடுத்து ஒரு நொடி ஆறவிட்டுத்தான் செய்கின்றன. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக்கொடுத்தால், "பாட்டி விரலால தொட்டுப் பார்ப்பாங்களே" என்று ஒரு குழந்தை கேரமலில் விரலை வைக்காது என்று என்ன நிச்சயம்? வீட்டில் கேரமல் கஸ்டர்டுக்கோ கேக்குக்கோ சர்க்கரை உருக்கும்போது இதையெல்லாம் மனதில் வையுங்கள்:

1. அடிகனமான, உள்பக்கம் வெளிர் நிறமான பாத்திரம். கறுப்புக் கடாயில் நிறம் தெரியாது.

2. தீ மிதமாக. நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி முன்பே அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டில் மீதி நிறம் தானாக வரும்.

3. தண்ணீரோ பாலோ சேர்க்க வேண்டுமென்றால் சூடானதாக, கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு. குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் எகிறித் தெறிக்கும்.

4. குழந்தைகள் அடுப்பருகே வேண்டாம். சுவை பார்க்க விரல் வேண்டவே வேண்டாம்.

5. பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, நெய், ஐஸ் எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாகக் கடை லேபிள். இங்கேயும் அதே வார்த்தைதான் விளையாடுகிறது. கோலா பாட்டிலிலும், சோயா சாஸிலும், பிரவுன் பிரெட்டிலும் "கேரமல் கலர்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். கூடவே ஐ.என்.எஸ். 150 என்ற எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். 150ஏ என்றால் சாதாரண முறையில் தயாரித்தது. 150பி சல்ஃபைட் சேர்த்தது, 150சி அம்மோனியா சேர்த்தது, 150டி இரண்டும் சேர்த்தது. கோலா பானங்களில் வருவது இந்த 150டி. அம்மோனியா சேர்த்த வகைகளில் தயாரிப்பின்போது 4-எம்.இ.ஐ. என்ற ஒரு பொருள் சிறிதளவு உருவாகிறது. கலிபோர்னியா மாநிலம் 2011இல் அதைப் புற்றுநோய் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. பீதியடைய வேண்டாம், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நான் சொல்ல வருவது, கேரமல் என்று பார்த்தவுடன் "சர்க்கரையைச் சிவக்க வைத்ததுதானே" என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதுதான். கோலாவில் இருப்பது நம் அடுப்பில் உருவாகும் பொருள் இல்லை.

பிரவுன் பிரெட்டில் இன்னும் கவனம் தேவை. நம் குடும்பங்களில் பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்குப் பயந்து வெள்ளை பிரெட்டை விட்டு இதற்கு மாறியவர்கள். லேபிளில் சேர்மானங்களை எடையின் வரிசையில்தான், அதிகமாக இருப்பதை முதலில் போட்டு எழுதவேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா என்றும் கடைசியில் கேரமல் கலர் என்றும் இருந்தால், நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது கோதுமையை இல்லை, நிறத்தை.

வார்த்தைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று சிலர் கேட்கலாம். 2020 மார்ச் மாதம் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு மூன்று மாத மொரட்டோரியம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அது தவணையைத் தள்ளிவைப்பது, தள்ளுபடி இல்லை. வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் "தவணை கட்ட வேண்டாமாம்" என்று வாய்வழிச் செய்தியாகப் பரவியதைக் கேட்டு, தள்ளுபடி என்றே நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த வங்கி ஊழியரிடமும் கேளுங்கள். தள்ளிவைப்புக்கும் தள்ளுபடிக்கும் நடுவே இருந்தது சில ஆயிரம் ரூபாய் வட்டி. பாகுக்கும் கேரமலுக்கும் நடுவே இருப்பது 50 டிகிரி சூடு.

ஆகவே என் தரப்பு இதுதான். கேரமல் என்ற வார்த்தை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்திருக்கிறது, இருக்கட்டும். நம் சர்க்கரை என்ற சொல்லும் வடமொழியின் சர்க்கராவிலிருந்து வந்து, அதே சொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா வரை போய் அவர்கள் வாயில் ஷுகர் ஆனதுதான். சொற்கள் போகும், வரும். ஆனால் சர்க்கரை மட்டும் தனியாகச் சிவக்கும் இடத்துக்கு மட்டும் கேரமல் என்று சொல்லுங்கள். தமிழில் வேண்டுமென்றால் "சர்க்கரையைச் சிவக்க உருக்கி" என்றால் யாருக்கும் புரியும், அகராதி தேவையில்லை. தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் பாகு, கூடவே எந்தப் பதம் என்பதையும் சொல்லுங்கள். வெங்காயத்துக்குக் கண்ணாடிப் பதம், பொன்னிறம், சிவக்க வறுத்தல். பாலுக்குச் சுண்டக் காய்ச்சுதல்.

உங்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை பொரி உருண்டையோ அதிரசமோ செய்யும்போது பிள்ளைகளை அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து, கிண்ணத்தில் தண்ணீரை அவர்கள் கையில் கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் ஒரு சொட்டு பாகை அதில் விடுங்கள். கரைகிறது, திரள்கிறது, உருள்கிறது, உடைகிறது என்று அவர்களே ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் சொல்லட்டும். எந்த ஊரில் வளர்ந்தாலும், எந்த மொழியில் படித்தாலும், அந்த நான்கு வார்த்தையும் அவர்களுக்கு மறக்காது. நாளைக்கு அவர்கள் தனியாக ஒரு ஊரில் அடுப்பு பற்றவைக்கும்போது, போன் போட நாம் இல்லாவிட்டாலும் அந்த வார்த்தைகள் கூட இருக்கும்.